ஐயா மீசையில் எறும்பு

அத்தியாயம் 4

புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்கு என் ஆபீஸ் அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். 'ஐயா மார்க்' சேலைகளின் உரிமையாளன் தங்கப்பழமாகிய நான். என் மூத்த மகன் விஜயராஜ். இளைய மகன் பிரவின்ராஜின் மனைவி அபிஷா. பேக்கிங் பார்க்கும் இசக்கித்தாய். தென்காசியிலிருந்து வந்திருந்த துப்பறியும் அம்மையார் ஜாய்ஸ். அவருடைய உதவியாளர் என்று சொல்லிக்கொண்ட கடையநல்லூர் மம்மது. பிரவின்ராஜ் தறி வாங்க சூரத்துக்குப் போயிருந்தான். வேறு யாரும் இல்லை. அன்று அந்த அறையில் இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் இப்போது சங்கரன்கோவிலில் இருபது பேராவது இருப்பார்கள். அதனால்தான் எண்ணிச் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். பாவு நூல் தறியில் அறுந்துபோகாமல் இருக்க நாங்கள் கஞ்சி போடுகிறோம். நெய்து முடித்தபின் அந்தக் கஞ்சியைத் துணியிலிருந்து எடுக்க அண்டா அண்டாவாக வெந்நீர் வேண்டும். நுண்ணுயிர் படித்து டாக்டர் பட்டம் வாங்கிய என் மருமகள் அபிஷா, இமயமலைப் பனிக்கு அடியில் கிடந்த சேற்றிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து வந்திருந்தாள். அது சுரக்கும் என்சைம் பச்சைத் தண்ணீரிலேயே கஞ்சியைக் கரைத்துவிடும். விறகு வேண்டாம், கொதி வேண்டாம். அதை நம்பிப் புது சலவை ஆலைக்கு இடம்கூடப் பார்த்திருந்தேன்.

கிருமி இருந்தது மூன்று குப்பிகளில். ஏப்ரலில் ஃப்ரீசர் பழுதாகி இரண்டு குப்பிகள் சூட்டில் செத்தன. மிஞ்சிய ஒன்று இந்தத் திங்கட்கிழமை காலை உடைந்து கிடந்தது. அந்த உடைந்த குப்பியும் அசல் அல்ல, போலி என்று அபிஷாவே சொன்னாள். மதியத்துக்குள் ஊர் பேசிவிட்டது. அசலை நாகர்கோவிலில் தகப்பன் வீட்டுக்குக் கடத்திவிட்டு நாடகம் போடுகிறாள் என்று.

நானும் அதைத்தான் நம்பினேன். பெண் கேட்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றவன் நான். மதம் வேறாக இருந்தாலும் பரவாயில்லை என்று சொந்தக்காரர்களிடம் மல்லுக்கட்டியவன் நான். அப்படிப்பட்டவனை ஏமாற்றினால் எப்படி இருக்கும்? இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

"எனக்கு வேண்டியது ஒரே ஒரு காயிதம்மா," என்றேன் ஜாய்ஸிடம். "இவதான் எடுத்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. நாலு மணிக்குச் சொக்காரங்க, பங்காளிக எல்லாம் வாராங்க. அவுக முன்னால வாசிச்சுட்டு, மரியாதையா இவள தகப்பன் வீட்டுக்கு அனுப்பிருதேன்."

"காயிதத்த டைப் அடிச்சே வச்சிருக்கீயளா அண்ணாச்சி? இல்ல, அதும் நாங்கதான் அடிக்கணுமா?" என்றான் மம்மது.

"மம்மது," என்றார் ஜாய்ஸ், தலையைத் திருப்பாமல். அவருக்கு அறுபது வயது. பால் குளிரூட்டும் நிலையத்தின் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். கைப்பையில் கைக்குட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சொட்டுக்குழாய் இருந்தது.

அபிஷா சுவரோரம் நிமிர்ந்து நின்றாள். "நான் எடுக்கல மாமா" என்று திங்கட்கிழமை ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு சொல்லவில்லை. அந்த நிமிர்வு எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஜாய்ஸ் அவளைப் பார்க்கவில்லை. என் மேஜைமேல் இருந்த சேலைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒங்க அப்பா மீசையில எறும்பு ஏறுது."

எனக்கு முகம் சுட்டது. எங்கள் லேபிளில் இருப்பது ஐயாவின் படம். முறுக்கிய மீசை, தோளில் துண்டு. அந்த மீசையில் சிற்றெறும்புகள் சாரி சாரியாக ஊர்ந்தன. லேபிளின் ஒரு மூலை பெயர்ந்து தொங்கியது.

"அது வேற விசயம். ஆடித்தபசுத் திருவிழாச் சரக்கு. பேக்கிங்ல எவளோ டீயக் கொட்டியிருக்கா. இவளத்தான் வஞ்சுக்கிட்டு இருந்தேன்," என்று இசக்கித்தாயைக் காட்டினேன்.

"சத்தியமா நான் கொட்டல மொதலாளி!" என்று அவள் கண்ணைக் கசக்கினாள். "நேத்து ஒட்டுன லேபிளு பூராம் இப்படித்தான் பேந்துட்டு வருது. நாப்பது பொட்டி. எல்லாத்துலயும் எறும்பு."

"கோயில்ல புத்துமண்ணு இருக்கு. அத விட்டுட்டு எறும்பு இங்கன சேல எடுக்க வந்திருக்குன்னா, தள்ளுபடி போட்டிருக்கீயளோ?" என்றான் மம்மது.

"வே, இது என் அப்பா படம்," என்றேன்.

"அதான் அண்ணாச்சி கேக்கேன். எறும்புக்கு மரியாத தெரியாது. இனிப்பு தெரியும்."

ஜாய்ஸ் எழுந்தார். "முதல்ல குப்பி. அப்புறம் எறும்பு. வாங்க."

அபிஷா சோதனை செய்யும் பின்கட்டு அறைக்குப் போனோம். ஃப்ரீசரில் அந்தப் போலிக் குப்பி வைத்தது வைத்தபடி இருந்தது. கண்ணாடி நெடுகப் பிளந்து, உள்ளே வெள்ளையாக ஒரு பனிக்கட்டிக் குச்சி.

"அசல் எப்படிம்மா இருக்கும்?" என்று ஜாய்ஸ் அபிஷாவிடம் கேட்டார். மூன்று நாளில் அவளிடம் கேள்வி கேட்ட முதல் ஆள்.

"பாகு மாதிரி மேடம். பாதிக்குப் பாதி கிளிசரின் ஊத்தி வச்சிருப்பேன். மைனஸ் இருபதுலகூடக் கல்லா உறையாது. தண்ணி உறைஞ்சா உப்பும், குப்பிய ஒடச்சிரும். கிளிசரின் உப்பாது."

"பனியில பொறந்த கிருமிக்கே கம்பளி போத்தணுமா?" என்றான் மம்மது. "நான் ரியாத்துல ஃப்ரீசர் லாரி ஓட்டுனேன். பதினோரு வருசம். என்னைய எந்தக் கிளிசரின்லயும் போடல."

அபிஷாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "அதுக்குச் சொந்தக் கம்பளியும் உண்டு அண்ணே. மார்கழியில தேங்கா எண்ணெய் கட்டியாகும், நல்லெண்ணெய் கட்டியாகாதுல்லா? இதோட தோல்ல இருக்க கொழுப்பு நல்லெண்ணெய் சாதி. குளிர்ல எறுகாது. ஒடம்புக்குள்ள ஒரு புரதம் இருக்கு. அது ஐஸ் துணுக்கப் பெருசா வளர விடாது. என்சைமும் நெகிழ்ந்து குடுக்கும், அதான் குளிர்லயே வேல செய்யுது. ஆனா நம்ம ஊரு வெயிலத் தாங்காது. சூடு பட்டா உருக்குலைஞ்சிரும்."

"இதெல்லாம் இவளுக்கே தெரியும்," என்று விஜயராஜ் குறுக்கிட்டான். "இவளே தண்ணிய ஊத்தி ஒடைய விட்டிருப்பா."

"தம்பி," என்றார் ஜாய்ஸ், "பொய்க்குப்பி எதுக்கு வைப்பாக? காணாமப் போனது தெரியாம இருக்கத்தானே? ஒடையுற குப்பிய வச்சா ஃப்ரீசரத் தொறந்ததுமே தெரிஞ்சிரும். அலமாரியில கிளிசரின் பாட்டில் அரைவாசி இருக்கு. இவுக வச்சிருந்தா அதையும் பாதிக்குப் பாதி ஊத்தியிருப்பாக. இத வச்ச ஆளுக்குக் கிளிசரின் விசயம் தெரியாது. அசலும் ஐஸ்கட்டியாத்தான் இருக்கும்னு நெனச்சிருக்காரு."

எனக்கு முதல் தடவையாகச் சந்தேகம் தட்டியது. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

"படிச்சவ. நாம இப்படி நெனைக்கணும்னே செஞ்சிருக்கலாம்."

"செஞ்சிருக்கலாம்," என்று ஒத்துக்கொண்டார் ஜாய்ஸ். "புண்ணுக்குப் போடுத அயோடின் இருக்கா?"

இசக்கித்தாய் ஓடிப்போய் முதலுதவிப் பெட்டியைக் கொண்டுவந்தாள். குப்பியிலிருந்து உருகிய வெள்ளை நீரை ஒரு மூடியில் ஏந்தி, ஜாய்ஸ் ஒரு சொட்டு அயோடினை விட்டார். ஊதா மசி கொட்டியதுபோல் கறுத்தது.

"கஞ்சி," என்றார். "பொய்க்குப்பியில ஊத்துனது கஞ்சித்தண்ணி."

"இந்த ஊர்ல கஞ்சி இல்லாத வீடு எது?" என்றேன்.

"அதுவும் சரிதான். இப்ப எறும்பு."

திரும்ப ஆபீஸ் அறை. ஐயா படத்தின் பெயர்ந்த மூலைக்கு அடியில் ஈரமாக இருந்த பசையில் அதே அயோடினை ஒரு சொட்டு விட்டார். நான் கறுப்புக்காகக் காத்திருந்தேன். மஞ்சளாகவே நின்றது.

"எதுல அண்ணாச்சி லேபிள் ஒட்டுதீய? கடை கோந்தா?"

"ஐயா மார்க்குக்குக் கடை கோந்து தொடமாட்டோம்," என்றேன். "பச்சரிசிக் கஞ்சி. ஐயா காலத்துப் பழக்கம். வெள்ளிக்கிழமை காச்சுவோம். வாரம் பூராம் அதான்."

ஜாய்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கஞ்சி இருக்கக்கூடாத குப்பியில கஞ்சி இருக்கு. கஞ்சி இருக்கவேண்டிய லேபிள்ல கஞ்சி இல்ல. கஞ்சி எங்க போச்சு? சர்க்கரையாப் போச்சு. அதத்தான் ஒங்க அப்பா மீசையில எறும்பு திங்குது."



"கெட்டுப்போன கஞ்சியா இருக்கும்," என்றான் விஜயராஜ்.

"நம்ம வெயிலுக்குக் கெட்ட கஞ்சி புளிக்கும், நாறும். இது நாறல, இனிக்குது. பால் நிலையத்துல இந்தக் கூத்த நான் பாத்திருக்கேன். ஃப்ரிட்ஜ்ல வச்ச பால் கெடாதுன்னு எல்லாரும் நெனைப்பாக. குளிருக்குப் பழகுன கிருமி ஒண்ணு விழுந்தாப் போதும், ஃப்ரிட்ஜுக்குள்ளயே உக்காந்து வேலயக் காட்டும். இந்தக் கஞ்சியில அபிஷாவோட கிருமி விழுந்திருக்கு. கஞ்சி இருந்த எடத்துலதான் குப்பியும் இருக்கு. இசக்கி, கஞ்சிச் சட்டி எங்க இருக்கும்?"

இசக்கித்தாய் என்னைப் பார்த்தாள்.

"சொல்லுட்டி," என்றேன்.

"மொதலாளி ரூம்பு ஃப்ரிட்ஜுல."

மம்மது மெல்ல விசிலடித்தான். "அல்லாவே. திருடுனவரே துப்பறிய ஆள் கூப்பிட்டு, எங்களுக்குப் பிரியாணியும் சொல்லியிருக்காருன்னா, இந்தக் குடும்பத்துக்கு நான் சலாம் வைக்கணும்."

நான் எழுந்து நின்றேன். எழுபத்திரண்டு வயதில் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னவன் எவனும் இல்லை. "வாரும்வே. வந்து பாரும். எல்லாரும் வாங்க. தங்கப்பழத்தோட ஃப்ரிட்ஜத் தங்கப்பழமே தொறந்து காட்டுதேன்."

"அப்பா, எதுக்கு இந்தக் கேவலம்?" என்று விஜயராஜ் என் கையைப் பிடித்தான். "இவுகள அனுப்பிருவோம். கண்ட ஆளையும் படுக்கிற ரூம்புக்குள்ள விடணுமா?"

என் மானத்துக்காகப் பேசுகிறான் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அவன்மேல் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

என் அறை ஆபீசுக்கு அடுத்தது. கட்டிலுக்கு அருகில் இடுப்பளவு ஃப்ரிட்ஜ். அதன் சாவி எப்போதும் என் இடுப்புக் கயிற்றில் இருக்கும். லேபிள் என்பது ஐயாவின் முகம். அதை ஒட்டும் கஞ்சியில் எவனும் விளையாடக்கூடாது என்று என் கண்முன்னேயே வைத்திருந்தேன். தினமும் காலையில் நானே திறந்து இசக்கித்தாயிடம் சட்டியை எடுத்துக் கொடுப்பேன்; அன்று இன்னும் கொடுக்கவில்லை.

"இதுல மட்டும் தனி வயர் போகுதே?" என்றார் ஜாய்ஸ்.

"இன்வெர்ட்டர் லைன். எனக்கு இன்சுலின் இருக்கு. கரண்ட் போனாலும் இது நிக்காது."

"போன சனிக்கிழமை மாதாந்திர மின்தடை. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும். ஊர்ல எல்லா ஃப்ரிட்ஜும் வேர்த்திருக்கும், இது ஒண்ணத் தவிர. கிருமிய ஒளிக்க இதவிட நல்ல எடம் கெடையாது."

திறந்தேன். கீழ்த்தட்டில் கஞ்சிச் சட்டி. மூடி கிடையாது. மூடினால் வேர்த்துக் கஞ்சி நீர்த்துவிடும் என்று ஐயா சொல்வார். கட்டியாக இருக்கவேண்டிய கஞ்சி, சட்டியைச் சாய்த்ததும் தண்ணீராக ஓடியது. மேல்தட்டு கம்பித் தட்டு. அதில் என் இன்சுலின் அட்டைப்பெட்டி. பெட்டியின் ஒரு மூலை ஊறிப்போயிருந்தது. அந்த மூலைக்கு நேர் கீழேதான் சட்டி.

மம்மதுவின் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது. கிண்டல் இல்லை.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு ஊசி யாரு போடுதா?"

"என் மூத்த மகன்," என்றேன். "ஏழு வருசமா. ஒரு நாள் தவறுனதில்ல. காலையில ஏழு மணிக்குச் சாவிய வாங்குவான், தொறப்பான், ஊசிய ஏத்துவான், பூட்டிட்டுச் சாவியக் குடுத்துருவான். நர்சு வேண்டாம்னுட்டான். அப்பாவுக்கு நான் போடுதேன்னான்."

பெருமையாகத்தான் சொல்லத் தொடங்கினேன். சொல்லி முடிக்கும்போது என் கண் இன்சுலின் பெட்டியில் நின்றது.

ஜாய்ஸ் பெட்டியைத் தொடவில்லை. என்னையே எடுக்கவிட்டார். மாதத்துக்கான ஐந்து இன்சுலின் குப்பிகளுக்கு அடியில், ஆறாவதாக ஒன்று படுத்துக் கிடந்தது. அபிஷாவின் கையெழுத்தில் சின்னச் சீட்டு. மூடி கோணலாகத் திருகியிருந்தது. பாதி காலி. விளிம்பில் பாகு போல ஒரு சொட்டு தொங்கியது.

ஆறு இரவுகள் அதற்கு நான்கு அடி தள்ளித்தான் நான் தூங்கியிருக்கிறேன். ஆறு காலைகள் அந்தப் பெட்டியிலிருந்து என் மகன் மருந்தை எடுத்து, என் வயிற்றை இரண்டு விரலால் பிடித்து, "வலிக்காப்பா?" என்று கேட்டு ஊசி போட்டிருக்கிறான். அன்று காலையும் கேட்டான்.

"ஏலே," என்றேன்.

விஜயராஜ் ஓடவில்லை. அதையாவது சொல்லவேண்டும்.

"புது ஆலைய அவ பேருல எழுதப் போறேன்னு சொன்னீய," என்றான். "பொங்கலன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொன்னீய. பதினெட்டு வயசுல தறிக்கு வந்தவன் நான். ஒங்களுக்கு ஊசி போடுதவன் நான். நேத்து வந்தவ பேருல ஆலையா? வெளியூர்க் கம்பெனிக்காரன் ஒருத்தன் கேட்டான். கிருமியக் குடுத்தா டைரக்டர்னு என் பேரு போட்டுக் கார்டு அடிச்சுத் தாரேன்னான். இந்த வீட்டுல எந்தக் காயிதத்துலப்பா என் பேரு இருக்கு?"

"அதுக்காக இவ பேர ஊர் பேச விட்டியா?"

"நான் பேசலப்பா. ஊர்தான் பேசுச்சு." என் முகத்தைப் பார்த்து, "நீங்களும் நம்புனீய," என்றான்.



அபிஷா முன்னால் வந்து என் கையிலிருந்து குப்பியை வாங்கினாள். மூடியைச் சரியாகத் திருகினாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"பாதிய யாருட்ட குடுத்தீய அத்தான்?"

"கம்பெனிக்காரன்ட்ட. சனிக்கிழம, பஸ் ஸ்டாண்டுல."

"எதுல கொண்டு போனீய?"

"சின்ன டியூப்புல. சட்டப்பையில வச்சு."

"சட்டப்பையிலயா? அந்த வெயில்லயா?"

"ஆமா. அவன் பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம் நின்னோம்."

"அப்ப நீங்க குடுத்தது பொணம்," என்றாள் அபிஷா. கோபமாகச் சொல்லவில்லை. கணக்குக்கு விடை சொல்வதுபோலச் சொன்னாள். "ஒங்க ஒடம்புச் சூட்டுலயே செத்திருக்கும்."

"டைரக்டர் கார்டுக்குப் பதிலா கருமாதிப் பத்திரிகைதான் வரும்," என்று மம்மது முணுமுணுத்தான். இந்தத் தடவை ஜாய்ஸ் அவனை அடக்கவில்லை.

"இது?" என்று அவள் கையிலிருந்த குப்பியைக் காட்டிக் கேட்டேன். அவள் முகத்தைப் பார்த்துக் கேட்க முடியவில்லை.

"உசுரோட இருக்கு மாமா. கஞ்சிச் சட்டியே சாட்சி. இத்தன நாளா ஒங்க ஃப்ரிட்ஜுல அது வேல பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு."

ஜாய்ஸ் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "காயிதம் கேட்டீயளே அண்ணாச்சி. என்ன எழுதணும்? ஒங்க மகன் பேரு வேண்டாம்னா, 'வெளியாள்'னு எழுதியும் முடிக்கலாம். குப்பி கெடச்சிட்டு. அபிஷா எடுக்கலன்னு மட்டும் எழுதுனாப் போதும். முடிவு ஒங்களோடது."

விஜயராஜ் என்னைப் பார்த்தான். ஐந்து வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு நின்றபோது பார்த்த அதே பார்வை. அன்று நான் அவனுக்காக வீட்டு வேலைக்காரியின் மேல் பழியைப் போட்டேன். அது எனக்கு அப்போது ஏன் ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை.

தாளை மடித்து ஜாய்ஸிடமே திருப்பிக் கொடுத்தேன்.

நாலு மணிக்குச் சொக்காரர்கள் வந்தார்கள். பதினோரு பேர். காப்பி கொடுத்தோம். மருமகளை எப்போது அனுப்புகிறீர்கள் என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன். எடுத்தது யார், எங்கே வைத்தான், எவனிடம் கொடுத்தான், யார்மேல் பழி விழுந்தது, அந்தப் பழியை முதலில் நம்பியவன் யார். ஐந்தையும் சொன்னேன். அபிஷா என் வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள். விஜயராஜ் வரவில்லை. அவன் அறைக்கதவு சாத்தியிருந்தது.

ஒருவர்கூடக் காப்பியை முடிக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சாவி என் இடுப்பிலேயே இருந்தது. ஊசியை நானே ஏற்றி நானே போட்டுக்கொண்டேன். முதல் தடவை என்பதால் இரத்தம் வந்தது. அவன் போட்டால் வராது.

நாற்பது பெட்டிகளின் லேபிளையும் இசக்கித்தாய் உரித்து, புதுக்கஞ்சி காய்ச்சி, மறுபடி ஒட்டினாள். இப்போது கஞ்சிச் சட்டி பேக்கிங் அறையில்தான் இருக்கிறது. அதற்கு மூடியும் போட்டாயிற்று.

ஊரில் இன்னும் ஒரு பேச்சு இருக்கிறது. தங்கப்பழத்தின் மருமகள்தான் குப்பியை விற்றாள், புது ஆலை கைவிட்டுப் போகக்கூடாதென்று கிழவன் பழியை மகன்மேல் தூக்கிப் போட்டுவிட்டான் என்று. அது தவறு. எடுத்தவன் விஜயராஜ். வைத்த இடம் என் ஃப்ரிட்ஜ். தினமும் சாவியைக் கையில் கொடுத்தவன் நான்.